ஆறாவது குகை சரியில்லை

பழைய கம்ப்யூட்டர் திரை சூடானால் ஒரு வாசனை வருமே, தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து லேசாக வறுபடுகிற மாதிரி, அது போன சனிக்கிழமை காலை உட்லண்ட்ஸ் சமூக மன்றத்தின் இரண்டாம் மாடியில் என் மூக்கில் ஏறியது. உன் வீட்டுக் கம்ப்யூட்டர்தான். உன் மகன் இர்ஃபான் எங்கெங்கோ பாகம் தேடி அதற்கு உயிர் கொடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் வைத்திருந்தான். பக்கத்தில் உன் படம். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. முக்காடு நலுங்காமல், வாழ்நாளில் எதையும் குறை சொல்லத் தெரியாதவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது.

மன்றத்து இளைஞர்கள் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வைத்து வார இறுதியில் ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். இர்ஃபான் அவர்களில் ஒருவன். உன் மேசையில் நம்முடைய முத்துக்குளிக்கும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓர் அட்டை: 'என் உம்மாவின் உயிரான விளையாட்டு. அவர் அன்பின் நினைவாக.'

"சாந்தி ஆன்ட்டி, மத்தியானம் ஓப்பனிங். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். உம்மாவுக்கு இந்த கேம் எவ்ளோ பிடிக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும்," என்றான்.

"பிடிக்கும்னு யாரு சொன்னா?"

"டெய்லி விளையாடுவாங்களே. நான் ஸ்கூல் விட்டு வந்தா இதுதான் ஓடிட்டு இருக்கும்." பிறகு குரல் இறங்கியது. "இதையாவது ஒழுங்கா செய்யணும் ஆன்ட்டி. அப்ப ஒண்ணும் செய்யல. டயர்டா இருக்குன்னு அவங்க சொன்னப்பவே நான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும்."

நீ போய் ஒரு வருடமாகிறது. இந்த ஒரு வருடமும், பேச்சு எங்கே தொடங்கினாலும் அவன் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறான். முகம் ஒடுங்கிவிட்டது. அந்த வெள்ளைத் துணியும் அட்டையும் உனக்காக வைத்தவை அல்ல என்பது எனக்குப் புரிந்தது. தன்மேல் போட்டுக்கொண்ட பழிக்கு அவன் கட்டுகிற அபராதம் அது. பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, கீழே காப்பிக்கடைக்குப் போய் பாலும் சீனியும் போடாத ஒரு தே ஓ கொசோங் தேநீர் வாங்கி உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று உன்னிடமே கேட்டேன்.

தஞ்சோங் பகாரில் நம் கப்பல் ஏஜன்சி அலுவலகம் ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். ஆபீஸ் முழுக்கப் பச்சை எழுத்துத் திரைகள், கலர்த் திரை ஒன்றே ஒன்று. மதிய இடைவேளையில் நாம் இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். மேலாளர் கண்டும் காணாமல் போவார். நோன்பு மாதம் வந்தால் நமக்குக் கொண்டாட்டம். சாப்பாட்டுக்குப் போகிற நேரம் மிச்சம். நீ தொழுதுவிட்டு, கையைத் துடைத்தபடியே வந்து நாற்காலியை இழுப்பாய். உன் முன்னால் சாப்பிட எனக்கு மனசு வராது. "நீ சாப்பிடு லா, நோன்பு எனக்குத்தானே," என்பாய், நம் சிங்கப்பூர் 'லா'வை ஒட்டவைத்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

ஆட்டத்தில் செத்துப்போனால் நான் என்னைத்தான் திட்டிக்கொள்வேன். 'ச்சே, எனக்குக் கை வரல.' அப்படித்தானே நாம் வளர்க்கப்பட்டோம். சட்டி அடிப்பிடித்தாலும் நம் தப்பு, அடுப்பு சரியில்லாமல் போனாலும் நம் தப்பு. நீ அதைக் கேட்டுவிட்டு ஒருநாள் என் கையைப் பிடித்து விசைப்பலகையிலிருந்து எடுத்தாய். "இரு. இப்ப செத்தது உன் தப்பா, ஆட்டத்தோட தப்பா? அதை முதல்ல சொல்லு," என்றாய். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாம் விளையாடியது பாதி, தீர்ப்புச் சொன்னது பாதி. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் தேக்கா சந்தைக்குப் போய், பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவோம். சரக்குக் கப்பல் ஓட்டி வியாபாரம் செய்கிற ஆட்டம் ஒன்று இருந்தது. அதைப்போல யோசிக்க வைக்கிற ஆட்டத்தை நான் பிறகு பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கையேட்டில் இன்ன பக்கத்தில் இன்ன சொல் என்ன என்று கேட்கும். கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்து, யாரும் நகல் எடுக்க முடியாதபடி. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நான் படிக்க, நீ தட்டச்சு செய்வாய். "கப்பல் ஓட்ட வந்தவளைக் கண் டெஸ்ட் பண்றான்," என்று முனகுவாய். இன்னொன்று, கட்டளையை எழுதி விளையாடுவது. 'கதவைத் திற' என்றால் புரியாது. எழுதியவன் மனதில் என்ன சொல் இருந்ததோ அதையே நாமும் எழுத வேண்டும். கதையும் மர்மமும் அருமை, ஆனால் ஒரு கதவுக்கு முன்னால் இரண்டு வாரம் நின்றோம். "நல்ல கதைதான். கதை சொல்றவனுக்குத்தான் காது கேட்கல," என்று தீர்ப்பு எழுதினாய்.

நீ பழசைக் கும்பிடுகிறவள் இல்லை. இதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 'அந்தக் காலத்து ஆட்டம்னா ஆட்டம்' என்று யாராவது தொடங்கினால், உனக்கு அப்போது வயசு கம்மி, அதைத்தான் நல்லா இருந்ததுன்னு சொல்றே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாய். புதுசைக் கண்டு வாய் பிளக்கிறவளும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் ஏதோ பழங்களைச் சேர்க்கிற ஆட்டத்தை இரண்டு நாள் ஆடிவிட்டுத் தூக்கிப் போட்டாயே. "இது என்னைத் தோக்கவே விடமாட்டேங்குது சாந்தி. தப்பா தொட்டாலும் சூப்பர்னு சொல்லுது. மரியாதையே இல்ல," என்றாய். மறுநாள் அதுவே 'உங்களைக் காணோமே' என்று செய்தி அனுப்பியது. நம் பழைய ஆட்டங்களிடம் நாணயம் இருந்தது. அணைத்தால் பேசாமல் போய்விடும். யார் பின்னாலும் வந்து கெஞ்சியதில்லை.

முத்துக்குளிக்கும் ஆட்டத்தின் மேல் உனக்கு இருந்தது வேறு மாதிரிக் கோபம். முதல் ஐந்து குகைகளையும் நீ தங்கம் என்பாய். நாலைந்து நிறம்தான், ஆனால் பாறை பாறையாகத் தெரியும், மீன் மீனாகத் தெரியும். விசையைத் தொட்டதும் நீச்சல்காரன் திரும்புவான். மூச்சு தீர்ந்து செத்தால், பேராசைப்பட்டு இன்னொரு முத்துக்குப் போனது நாம்தான் என்று நமக்கே தெரியும். ஆறாவது குகையில் மட்டும் ஒரு பெரிய பாறை. அதைத் தாண்டிப் பாய்ந்தால்தான் வழி. பின்னால் ஒரு ஜெல்லிமீன். பாய்ந்த பிறகுதான் கண்ணில் படும். அது மேலே உரசிவிட்டால் முதல் குகையிலிருந்து மறுபடி. சரி, இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒவ்வொரு தடவையும் அது வேறொரு இடத்தில் இருக்கும். பொறுமையும் கெட்டிக்காரத்தனமும் அங்கே வேலைக்கு ஆகாது. "அஞ்சு குகை கட்டத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா? தெரிஞ்சே செஞ்சிருக்கான்," என்பாய். அலுவலகம் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாய். வருடக்கணக்காக ஆடினாய். உன் மகன் அதைப் பிரியம் என்று நினைத்துவிட்டான். நீ அதன்மேல் வைத்திருந்த புகாரை வாபஸ் வாங்க மறுத்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை நீ ஆட்டத்தோடு நிறுத்தவில்லை. ஒருமுறை ஒரு சரக்கைத் தப்பான கப்பலில் பதிந்துவிட்டாய். யாரும் கண்டுபிடிக்கும் முன்னே மேலாளர் அறைக்குப் போய், என் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தாய். அதே நீ, உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனபோது கண் கலங்கவில்லை. கொஞ்சம் சிரிச்சுப் பேசியிருக்கலாம், கூட நேரம் இருந்திருக்கலாம் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். என் தப்பு இல்ல. ஆட்டம் சரியில்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போனாய். அன்று உன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரி. இந்த நோய் முற்றுகிறவரை முகத்தைக் காட்டாத வகை என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இருந்தும் உன் தங்கை கட்டிலோரம் உட்கார்ந்து, அப்பவே பார்த்திருந்தா, அப்பவே பார்த்திருந்தா என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் எழுந்து போனதும் நீ என் பக்கம் திரும்பினாய். இர்ஃபான் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தான். "சாந்தி, இது ஆறாவது குகை லா. பாறைக்குப் பின்னாடி இருந்துச்சு. நானும் பார்க்கல, இங்க எவனும் பார்த்திருக்க முடியாது. ஆட்டம் சரியில்ல," என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். அது நம் இருவருக்குள் இருக்கிற பேச்சு என்றே நான் பொத்தி வைத்திருந்தேன். அது யாருக்கு வேண்டியது என்பது அன்று அந்தக் காப்பிக்கடையில்தான் எனக்கு உறைத்தது.

மத்தியானம் மைக்கைப் பிடித்தேன். முதல் வரிசையில் உன் தங்கை, பின்னால் இளைஞர்கள், இடம் கிடைக்காமல் நின்றவர்கள். "இந்த அட்டையில எழுதியிருக்கிறது தப்பு. இந்த ஆட்டம் அவளுக்கு உயிர் கிடையாது. இதுல முதல் அஞ்சு குகையும் பிரமாதம், ஆறாவது அநியாயம். அவள் சாகிறவரைக்கும் அதை மன்னிக்கல. நானும் மன்னிக்கமாட்டேன்," என்று தொடங்கி, நாம் தேக்காவில் நடத்திய வழக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கருஞ்சிவப்புத் தாளுக்கு இளைஞர்கள் சிரித்தார்கள். உன் தங்கை சிரிக்கவில்லை. இறங்கி வந்ததும், "போனவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள். நல்லதைத்தான் சொன்னேன் என்றேன்.

கூட்டம் கலைந்ததும் இர்ஃபான் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "ஏன் ஆன்ட்டி இப்படி?"

"உட்காரு. விளையாடு."

உட்கார்ந்தான். உன் பிள்ளை, கை நன்றாக வருகிறது. ஐந்து குகையையும் தாண்டினான். ஆறாவதில் பாய்ந்தான், செத்தான். "சாரி, என் தப்பு. ஸ்லோவா போயிருக்கணும்," என்றான். மறுபடி என்றேன். மெதுவாகப் போனான், செத்தான். "ஜெல்லிமீன் இப்ப வேற இடத்துல இருக்கு ஆன்ட்டி."

"இப்ப சொல்லு. உன் தப்பா, ஆட்டத்தோட தப்பா?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். அப்போது நீ கட்டிலில் சொன்னதை அவனிடம் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டாக்டர் சொன்னதையும் மறுபடி ஞாபகப்படுத்தினேன்.

"உம்மா அப்படியா சொன்னாங்க?" என்றான்.

"அப்படியேதான்."

"'லா' போட்டா?"

"'லா' போட்டுத்தான்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். ஒரு வருடமாக எல்லோர் முன்னாலும் அடக்கமாகக் கண் துடைத்துக்கொண்டிருந்தவன், அன்று சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். நான் தடுக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த அட்டையை எடுத்தான், பின்பக்கம் திருப்பினான், உம்மாவாக இருந்தா என்ன எழுதுவாங்க என்று கேட்டான். நீயே எழுது, உனக்குத் தெரியும் என்றேன். 'இந்த ஆட்டம் அநியாயமானது. ஆடிப் பாருங்கள்' என்று எழுதி, உன் படத்துக்கு முன்னால் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை அந்த மேசைக்குத்தான் வரிசை நீண்டது என்று ஃபோன் செய்து சொன்னான். டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும் என்கிற அந்தப் பழைய வாக்கியம் பேச்சில் வரவே இல்லை.

அவனுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என் வழக்கு மட்டும் முடிவதாயில்லை. எல்லாம் எழுதி வைத்தபடி நடக்கும், மனசைத் தேற்றிக்கொள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நான் தேற்றிக்கொள்வதாக இல்லை. உன்னை எடுத்துக்கொண்டது அநியாயம். அது உன் தப்பும் இல்லை, உன் பிள்ளை தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. அதை யார் காதில் போடுவது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் தினம் ஒருமுறையாவது சொல்கிறேன், சில நாள் வாய்விட்டே சொல்கிறேன், ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. பார்க்கட்டும்.