தங்கச்சியின் செருப்பு அளவு

மார்ச் 3, செவ்வாய்

நான் அப்போதே சொன்னேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அப்போதே சொன்னேன். என் தங்கச்சிக்கு டாக்டரம்மா இன்று சொன்ன நோயை, மூன்று வருஷத்துக்கு முன்பே என் செருப்புக் கடை முக்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தவன் நான். ஆறாம் நம்பர் போடுகிறவளுக்கு அன்று ஏழு ஏறவில்லை, எட்டு எடுத்துப் போட்டேன். “பிள்ளை பெத்தவளுக்குக் கால் வளருமா? உள்ளே ஏதோ சுரப்பி கெட்டிருக்கு, போய் டாக்டரைப் பாரு” என்று அடித்துச் சொன்னேன். கேட்டாளா?

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று பட்டாணி அளவில் ஒரு சுரப்பியாம். அதில் கட்டி. புற்று இல்லை. ஆனால் வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. கை, கால், தாடை எல்லாம் பெருத்தது அதனால்தான். மோதிரத்தை அறுத்து எடுத்ததும் அதனால்தான். இப்போது கட்டி கண் நரம்பை அழுத்துகிறது. நேரே தெரிகிறது, ஓரம் தெரியவில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வருகிறாளே என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அவளோ தையல்காரி. கண்தான் சோறு போடுகிறது.

“கால் பெரிசானதை யாரு கவனிச்சது?” என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சியே, “எங்க அண்ணன்தான். செருப்புக் கடை வச்சிருக்காரு” என்றாள்.

“பரவாயில்லையே, நாங்களே கோட்டை விடுற விஷயம் இது.”

எழுந்து நின்று கை கொடுத்தார் என்று கடைத்தெருவில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

வருகிற ஆளுக்கெல்லாம் விளக்கிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பிட்யூட்டரிதான் மேஸ்திரி. தைராய்டு, அட்ரினல் எல்லாம் சித்தாள். மேஸ்திரி குரல் கொடுத்தால் சித்தாள் வேலையைத் தொடங்கும். போதும் என்று அங்கிருந்து பதில் வந்தால் மேஸ்திரி வாயை மூடுவான். உடம்பு இப்படித்தான் ஓடுகிறது. இவளுக்கு மேஸ்திரி பக்கத்தில் ஒரு குடிகாரன் உட்கார்ந்து கத்துகிறான். போதும் என்றால் அவன் காதில் விழவில்லை.

பக்கத்துச் சாவிக்கடைக்காரன் கேட்டான்: “வாயை மூடவே மாட்டேங்கிறானே, உங்களுக்குச் சொந்தமாண்ணே?”

நானும் சிரித்தேன்.

மார்ச் 9, திங்கள்

“துணியோட ரெண்டு ஓரமும் ஒண்ணாத் தெரியலைண்ணே” என்றாள் தங்கச்சி. துணியை இழுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

மார்ச் 12, வியாழன்

மூக்கு வழியாகவே போய்க் கட்டியை எடுக்கிறார்களாம். உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் அவள் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எத்தனை பேர் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டியிருக்கிறேன்! இந்த ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழே வைக்கவும் மனசு வரவில்லை.

தங்கச்சி மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். “மாமா, ஏதாவது பேசுங்க. எப்பவும் ஏதாவது அளப்பீங்களே.”

செருப்பைத் திருப்பி, அடியில் இருந்த எட்டாம் நம்பரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கிறாள். குடித்ததெல்லாம் அப்படியே போகிறது. உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனும் அந்தப் பட்டாணியிலிருந்துதான் வருகிறதாம். கை பட்டதில் அது நின்றுபோயிருக்கிறது. சில பேருக்குத் தானாகத் திரும்புமாம், சில பேருக்குத் திரும்பாதாம். மருந்து கொடுக்கிறார்கள்.

“சரியாயிடுமாண்ணே?”

“சரியாயிடும், எனக்குத் தெரியாதா?” என்றேன். எனக்கு என்ன எழவு தெரியும்? டம்ளரைப் பிடிக்கத் தெரியும். அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, புதன்

தாகம் அடங்கிவிட்டது. ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனும் இறங்கிவிட்டது. வலது கண் ஓரம் தெளிந்திருக்கிறது. இடது கண் தெளியவில்லை. “ரொம்ப நாள் நசுங்கின நரம்பு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் மகள் வெடித்துவிட்டாள். “மாமா அப்பவே தலையால அடிச்சுக்கிட்டாராமே! ஏம்மா போகல? உனக்குத் தையல்தான் பெரிசா?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் எல்லாம் இல்லை, சும்மா ஒரு பார்வை. பிறகு மகளிடம், “எனக்குத்தான் புத்தியில்ல, விடு” என்றாள்.

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வீட்டுக்குப் போய் அவள் காலை அளந்தேன். வீக்கம் வற்றிவிட்டது. எட்டு எட்டாகவே இருக்கிறது. வளர்ந்த எலும்பு திரும்பிப் போகாதாம். இடது ஓரம் தெரியாததால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து துணியை நகர்த்திக் கொடுக்கிறாள். கொடுக்கும்போதெல்லாம், “மாமா பேச்சைக் கேட்டிருந்தா” என்று தொடங்குகிறாள். தங்கச்சி தலையை ஆட்டிக்கொண்டே மிஷினை மிதிக்கிறாள்.

சுரப்பி என்ற சொல்லே எனக்கு இந்த மார்ச்சில்தான் தெரியும். அன்று கடையில் டாக்டரைப் பார் என்று நான் சொல்லவில்லை. ஏழு ஏறாததும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. பொறுக்க முடியாமல், “கம்பெனிக்காரன் அளவைக் குறைச்சுட்டான் பாப்பா, உன் கால் அப்படியேதான் இருக்கு” என்றேன். எந்தக் கம்பெனியும் எதையும் குறைக்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் எட்டைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.