உனக்காக லேமினேஷன் செய்த காமிக்ஸ்

திருமுல்லைவாயில்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் சுகம்தான், அந்தக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க மாசிலாமணீஸ்வரர் துணை இருக்கட்டும். மனசைப் பொறுத்தவரை சுகம் என்று எழுத வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். தினமும் வீடியோ காலில் பார்க்கிற பெண்ணுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனைக் கையில் எடுத்தால் போதும், உன் அப்பா எந்த அறையில் இருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலையை நுழைத்துக்கொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் தட்டலாம் என்றால் நான் ஒரு வரி தட்டுவதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், சொல்ல வந்ததே போய்விடும். இப்போது அவர் சலூனுக்குப் போயிருக்கிறார், போனால் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்துவிட்டுத்தான் வருவார், அதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. நம் தெருவில் தேங்கிய தண்ணீர் வடிந்துவிட்டது, சேறுதான் பாக்கி. மாடி வீட்டு ரோஷினிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை பெங்களூரில் வேலை, தை மாதம் முகூர்த்தம். எங்கள் மதியும் பொங்கலுக்கு வருகிறாள், கல்யாணத்துக்கு நிச்சயம் இருப்பாள் என்று அவள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அறையில் இருந்த பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியாயிற்று. இதையெல்லாம் சந்தோஷமாகச் செய்துவிட்டு இப்போது நான் எழுதப் போவதைப் படித்தால் நீ வருவாயா மாட்டாயா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது.

நீ தேடிய அந்தக் காமிக்ஸ் கெட்டுப்போய்விட்டது கண்ணு. சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் பைத்தியம் எனக்கு முழுசாகப் புரிந்ததில்லை என்பது உனக்கே தெரியும். கடையில் விற்காத, பேர் போடாத, யாரோ பயந்து பயந்து வரைந்து கைக்குக் கை மாற்றிய படக்கதைப் புத்தகங்களை உலகம் பூராவும் தேடுகிறாய். போலந்தில் யாரோ ஜெயிலுக்குள் வரைந்ததாம், அதை ஆறு மாதம் துரத்தி வாங்கினாய். கையுறை போட்டுக்கொண்டு நீ அதை வீடியோவில் புரட்டிக் காட்டியபோது, பெற்ற பிள்ளையைக்கூட ஒருத்தி இப்படித் தூக்க மாட்டாள் என்று நான் கிண்டல் செய்தேன். உன் அப்பா சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனியில்கூட இப்படி ஒன்று ஓடியதே என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் தேவராஜ் என்று ஒருவர் இருந்தார், அவர் வரைந்து சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதி எடுத்தது, பேரே ‘பாதுகாப்பு வாரம்’, டிபன் பாக்ஸ் மூடிக்கு அடியில் வைத்து ஆளுக்கு ஆள் கொடுப்பார்கள் என்றார். நீ சேரிலிருந்து எழுந்தே விட்டாய். அதற்குப் பிறகு போன் செய்யும்போதெல்லாம் சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால் கிடைத்ததா என்றுதான் கேட்டாய், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது இருக்கட்டும்.

ஆடி மாதம் அப்பா தேடிக் கண்டுபிடித்துவிட்டார். தேவராஜ் காலமாகிச் சில வருஷம் ஆகிறது, அவர் சம்சாரம் வேம்புலியம்மாள் மேனாம்பேட்டில்தான் இருக்கிறார், ஓட்டு வீடு, பக்கத்து ஸ்கூலில் ஆயா வேலை. கம்பெனியில் ஒருநாள் நிர்வாகம் எல்லார் லாக்கரையும் சோதனை போட்டபோது வைத்திருந்தவர்கள் எல்லாம் கேன்டீன் அடுப்பில் போட்டுவிட்டார்களாம், தேவராஜ் வீட்டில் அரிசி டின்னுக்குள் வைத்த ஒரு பிரதிதான் பிழைத்தது. அதன் விசேஷத்தை அப்பா உனக்குச் சொல்லியிருக்கிறார். மேலே பார்த்தால் பாதுகாப்பு வாரத்துக்கு ஆபீஸில் கொடுக்கிற நோட்டீஸ் மாதிரியே இருக்கும், ஹெல்மெட் போடு, கையுறை அணி என்று. ஒவ்வொரு படமும் ஒரு துண்டுக் காகிதம், மேல் விளிம்பில் மட்டும் பசை. அதைத் தூக்கினால் அடியில் வேறு படம், அதில்தான் மேனேஜரும் ஃபோர்மேனும் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். அந்தப் பிரதியின் தாள் அப்பளம் மாதிரி ஆகிவிட்டிருந்ததால் அன்றைக்கு அப்பா ஒரு துண்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை, அட்டையை மட்டும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார். மதி வந்து அவள் கையால் திறக்கட்டும் என்று நினைத்தாராம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த அம்மா புத்தகத்தை உன் கையில்தான் கொடுப்பேன் என்கிறார், உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டேன் என்கிறார் என்று உன் அப்பா உன்னிடம் சொன்னாரே, அது பொய். வேம்புலியம்மாள் அன்றைக்கே, “எட்துகினு போங்கண்ணா, எனுக்கு இன்னாத்துக்கு இது, உங்க பொண்ணு ஆசப்படுதுன்றீங்களே” என்று கையில் வைத்துக் கொடுத்தாராம். இவர்தான் வேண்டாம் வேண்டாம், என் பெண் நேரில் வந்து வாங்கிக்கொள்வாள், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், பத்திரமா இருக்கா, பத்திரமா இருக்கா என்று கேட்டு அந்த அம்மாளை ஒரு வழி பண்ணியிருக்கிறார். மூன்று பொங்கலாக நீ வரவில்லை. ஒருதரம் டிக்கெட் எடுத்து ரத்து செய்தாய், இன்னொரு தரம் லீவு இல்லை என்றாய். போன தடவை நான் வற்புறுத்தியபோது, அங்கே வந்து நான் என்னம்மா செய்யப்போகிறேன் என்று கேட்டாய். நீ வேலைக் களைப்பில் சொன்னது அது, எனக்குத் தெரியும், நான் அப்போதே மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மனுஷன் மறக்கவில்லை. புத்தகத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டால் உனக்கு வருவதற்கு என்ன காரணம் இருக்கும் என்று யோசித்து இந்தக் காரியத்தைச் செய்துவிட்டார். நீ டிக்கெட் எடுத்தேன் என்று சொன்ன அன்றைக்கு அவர் கேசரி கிண்டச் சொன்னாரே, அப்போதாவது நான் துருவிக் கேட்டிருக்கலாம். நீ வருகிறாய் என்ற சந்தோஷத்தில் எனக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, மதி ஜனவரியில் வருகிறாள் என்று சொல்லிவிட்டு வரலாம் வா என்று என்னையும் மேனாம்பேட்டுக்கு அழைத்துப் போனார். எனக்கு அந்த அம்மாளை அன்றைக்குத்தான் தெரியும். நல்ல மனுஷி, நாங்கள் போனதும் பால் வாங்கிவர ஓடினார். ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகி கீழே குண்டான் வைத்திருந்தது. டீ குடித்து முடித்ததும் பீரோவைத் திறந்து ஒரு துணிப் பையை எடுத்துவந்தார், முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே ‘பாதுகாப்பு வாரம்’, பக்கம் பக்கமாகப் பிரித்து, பளபளவென்று லேமினேஷன் செய்யப்பட்டு. “ஊடு பூரா ஒழுவுதுக்கா, அண்ணன் பத்திரம் பத்திரம்னு சொல்லிகினே இருக்காரு, தண்ணி கிண்ணி பட்டுட்சுன்னா வெளிநாட்டுலேந்து வர பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்றது, அதான் ஜெராக்ஸ் கடைக்கு எட்துனு போய்ட்டேன்” என்றார். கடைக்காரர் துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிவிட்டு, உறைக்குள் அடங்கவில்லை என்று ஓரங்களை நறுக்கி, தூக்கிக்கொண்டு நின்ற துண்டுகளை எல்லாம் நன்றாக அமுக்கிப் படிய வைத்து மெஷினில் விட்டிருக்கிறார். ரேஷன் கார்டிலிருந்து பிள்ளைகளின் மார்க் ஷீட் வரை நாமும் அப்படித்தானே செய்கிறோம், அந்த அம்மாளை எப்படிக் குறை சொல்வது. ஒரு துண்டையும் இனித் தூக்க முடியாது. மேலே ஹெல்மெட் போடு, கையுறை அணி, அவ்வளவுதான்.

உன் அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த இடத்தில் அவர் நடந்துகொண்ட விதத்துக்காக அவர் செய்ததில் பாதியை மன்னிக்கலாம். ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல காரியம் செய்தீங்கம்மா, மழைக்கு இதுதான் சரி என்று சொல்லி வேம்புலியம்மாள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். “அவுரு போன பெறவு இத்தத் தொடவே பயமா இருந்துச்சுண்ணா, கை பட்டாலே உதுரும். இப்ப தெனம் எட்து எட்துப் பாக்கறேன், பேரப்புள்ளைங்க கைல குட்த்தாகூட ஒண்ணும் ஆவல” என்றார். நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று கேட்காதே, மாடி வீட்டில் கேட்டிருக்கும். அந்த மனுஷி தூக்கிக் கொடுத்ததை வாங்கிவந்து அனுப்பியிருந்தால் இன்றைக்கு அது உன் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கும், பெற்ற பெண்ணிடம் போய்த் தூண்டில் போடுவீர்களா என்று கத்தினேன்.  மறுநாள் அவர் நம் பழைய கரண்ட் பில் ஒன்றை எடுத்துப்போய் லேமினேஷன் செய்துவந்தார். எதற்கு என்று பார்த்தால், அதைப் பிரிக்க முடிகிறதா என்று பார்க்கிறாராம். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினார், ஃப்ரீசரில் வைத்தார், பிளேடால் ஓரத்தைக் கீறி இழுத்தார், எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அடுத்தடுத்து எத்தனை பில் அப்படிப் போயிற்றோ, குப்பைக்கூடை முழுவதும் அதுதான். அதைப் பார்த்த பிறகு என் கோபமெல்லாம் போய்விட்டது. உங்கள் ஊரில் இதற்கு வைத்தியம் தெரிந்தவர்கள் இருக்கலாம், இருக்கிறார்கள் என்று நான் உனக்கு ஆசை காட்ட மாட்டேன்.

அடியில் என்னதான் இருந்தது, படித்தவர்தானே, ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள், எழுதியாவது வைப்போம் என்று முந்தாநாள் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். ஹெல்மெட் போடு படத்துக்கு அடியில் ஃபோர்மேன் ஹெல்மெட்டைத் தலையணையாக வைத்துத் தூங்குவார் என்று சொல்லிச் சிரித்தார். மற்றது எதுவும் வரவில்லை. சிரித்தது ஞாபகம் இருக்கிறது கலா, கேன்டீனில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், எதுக்குச் சிரிச்சோம்னுதான் தெரியலை என்றார். அதைக் கேட்டு எனக்கே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்றால், அதற்காகவே அலைந்த உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

நீ வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம், இப்போது சொன்னால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாள், கொஞ்சம் பொறு என்று என்னிடம் கெஞ்சினார். அது இரண்டாவது பொய்யாகிவிடும், அதில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏர்போர்ட்டில் நீ ஆசையோடு இறங்கி, நேராக மேனாம்பேட்டுக்குப் போகலாம்பா என்று சொல்ல, அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் இப்போதே தெரிந்துகொள். ரத்து செய்ய வேண்டும் என்று தோன்றினால் செய், நான் கோபிக்க மாட்டேன் என்று எழுதலாம், அதுவும் பொய், கோபிப்பேன், ஆனால் உன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். வருவதாக இருந்தால் வேம்புலியம்மாள் அதை எடுத்துக் காட்டும்போது முகம் மாறாமல் வாங்கிப் பார், அந்த அம்மாளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அப்பாவிடம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, நான் நடுவில் வரமாட்டேன்.

உன்னை நேராக வா என்று கூப்பிட உன் அப்பாவுக்குப் பயம் மதி. கூப்பிட்டு நீ வரவில்லை என்றால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது என்ற பயம். எனக்கும் அதே பயம் உண்டு, இருந்தாலும் நான் கேட்டுவிடுகிறேன். இங்கே இப்போது உனக்குக் கொடுக்க எந்தப் புத்தகமும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வருகிறாயா?

வந்தாலும் வராவிட்டாலும் என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. ராத்திரி பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சோறு வை. ஒன்றே ஒன்று, உன் பதிலை என்னிடம் சொல்லாதே. போன் செய்து அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அவரிடமே சொல்.

உன் அம்மா,
கலைவாணி ஜெயராமன்