மூன்றாம் பயணத்தில் தாழ்ந்த தோணி

நேற்றுக் காலை பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் என் மகள் தன் தண்ணீர்ப் போத்தலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். கறுப்பு மார்க்கர் பேனை. மூடியைக் கழற்றியதும் அதன் காரமான மணம் அறை முழுவதும் பரவியது. பாணுக்குச் சம்பல் வைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த உன் கடை கண்முன்னே வந்துவிட்டது.

நாம் இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிற சிநேகிதர்கள் இல்லை. போனில் ஏசிக்கொள்கிறவர்கள். நீ மௌத்தாகி, உன்னை அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் உன்னிடம் சொல்லி முடிக்காத கதைகள் இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு நீ அந்தக் கடையைத் திறந்தாய். ஒரு கதவு, ஒரு மின்விசிறி, சீடி பதியும் கணினி ஒன்று. கொழும்பிலிருந்து கணினி விளையாட்டுப் பிரதி ஒன்று வாங்கி வருவாய். அதிலிருந்து வேண்டிய அளவு பதிந்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனையால் விளையாட்டின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பாய். எங்கள் வீட்டில் கணினி இல்லை. பரீட்சை முடிவு வரும்வரை நான் பகலெல்லாம் உன் கடையில்தான் கிடந்தேன். நீ பதிவதை நான் போட்டுப் பார்ப்பேன். கடைசி வரை ஓடாத எந்த சீடியையும் நீ யாருக்கும் கொடுத்ததில்லை. அது களவு என்ற எண்ணம் எனக்கும் வரவில்லை, உனக்கும் வரவில்லை. அசல் பிரதி எங்கே விற்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

உன்னிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. ஒரு விளையாட்டு முடிந்ததும் அதைச் செய்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஓடுமே, அதை எல்லோரும் மூடிவிடுவார்கள். நீ மட்டும் கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாய். "இவ்வளவு பேர் சேந்தா மச்சான் இதச் செஞ்சீக்கிறானுகள்?" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாய் ஆச்சரியப்படுவாய். எனக்கும் இதைச் செய்ய வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்தது.

பிறகு நான் கொழும்புக்குப் போனேன், படித்தேன், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு நிலூகாவோடு சேர்ந்து சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யப்போகிறேன் என்று சொன்னபோது, என் வாப்பா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நீதான் அவரிடம் போய்ப் பேசினாய். நிலூகா சிலாபத்துப் பெண். படம் கீறுவதில் கெட்டிக்காரி. அவளும் நல்ல வேலை ஒன்றை விட்டுவிட்டுத்தான் வந்தாள். எங்கள் கடல்நீர்க் களப்பில் தோணி ஓட்டும் விளையாட்டு அது. கற்பிட்டியிலிருந்து சரக்கு ஏற்றி, மணல்திட்டுகளில் மோதாமல், காற்றுப் பார்த்து, அக்கரை சேர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் செய்தோம். மூன்று வருட உழைப்பு. வெளியிடுவதற்கு முன்பே ஒரு பிரதியை உனக்கு அனுப்பினேன், விளையாடிப் பார்த்துப் பிழை சொல்வாய் என்று.

வெளியாகி நாலாம் நாள், காசு கொடுக்காத ஆட்கள் ஊரெல்லாம் அதை விளையாடுகிறார்கள் என்று தெரிந்தது. யாரிடமிருந்து போனது என்று தேடவே தேவையிருக்கவில்லை. அந்தப் பிரதியில் நான் உனக்கென்று போட்டுவைத்த ஸலாம் அப்படியே இருந்தது.

அன்றே பஸ் ஏறி வந்தேன். அப்போது உன் கடை போன் திருத்தும் கடையாக மாறியிருந்தது. சீடிக்குப் பதிலாக வயர் போட்டு ஆட்களின் போனுக்குள் விளையாட்டும் படமும் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வா மச்சான், பிளேன்டீ குடிப்பம்" என்றாய்.

"என்ட கேம நீயா குடுத்த?"

"ஓம். கேட்டு வந்தாங்க, குடுத்தன். நம்மட ஆள் செஞ்சது எண்டு சொல்லிச் சொல்லித்தான் குடுத்தன். ஒரு சதம் எடுக்கல்ல."

நீ பெருமையோடு சொன்னாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நிலூகா இருந்த வேலைய விட்டுட்டு வந்து கீறினவள். அவளுக்கு நான் என்னடா சொல்லுறது?"

"இந்த ஊருல எத்தன பேர்ட்ட பேங்க் கார்ட் இரிக்கு மச்சான்? காசு இல்லாம இல்ல. குடுக்க வழி இல்ல. வாங்க ஏலாதவன் விளையாடினா உனக்கு என்ன கொறஞ்சி போகுது?"

"கள்ளன் கதைக்கிற கதைடா இது."

போன் திருத்த வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். கையிலிருந்த திருகாணிச்சாவியை மெதுவாக மேசையில் வைத்தாய். கண் கலங்கியிருந்தது போல் இருந்தது. நான் பார்க்காத மாதிரி வெளியே வந்துவிட்டேன். தேநீரும் குடிக்கவில்லை.

கோபத்தோடு கொழும்பு போய்ச் சேர்ந்தவன், அந்தக் கோபத்தை விளையாட்டின் அடுத்த பதிப்புக்குள்ளேயே வைத்தேன். தொடங்கும்போது அது இணையம் வழியாக எங்கள் கணினியிடம் கேட்கும்: இது காசு கொடுத்து வாங்கியதா? ஓம் என்று பதில் வராவிட்டால், ஒன்றும் சொல்லாமல் விளையாட விடும். முதல் பயணம் நன்றாகப் போகும். இரண்டாவதும் போகும். மூன்றாம் பயணத்தில் தோணியின் அடியில் ஓட்டை விழும். எப்படி ஓட்டினாலும் தாழும். களவுப் பிரதிக்காரர்கள் இது என்ன பிழை என்று எழுதிக் கேட்டார்கள். தங்கள் களவைத் தாங்களே காட்டிக்கொடுக்கிறார்களே என்று நானும் நிலூகாவும் வாசித்து வாசித்துச் சிரித்தோம். உலகத்தில் பெரிய பெரிய நிறுவனங்களும் இப்படிப் பொறிகள் வைத்திருக்கின்றன. நானும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

ஐந்து மாதம் நாம் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் நீயே போன் எடுத்தாய். ஸலாம் சொன்னாய், சுகம் கேட்கவில்லை.

"கடைக்கு வா. ஒராள் உன்னப் பாக்கணும்."

வந்தேன். கடையில் ரஹீம் நானா இருந்தார். கற்பிட்டியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர், நரைத்த தாடி, மடியில் ஒரு பழைய போன். என்னை யாரென்று நீ அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. போன் விசயம் தெரிந்த ஆள் என்று மட்டும் சொல்லியிருந்தாய்.

"தம்பி, கட்டாரில இரிக்கிற மகன் எனக்கெண்டு இந்தக் கேம காசு குடுத்து வாங்கித் தந்தான்," என்றார் அவர். "கரைக்கி அங்கால வலையப் போட்டுட்டு சும்மா இரிக்கிற நேரத்தில விளையாடுவன். மூணாவது தரம் போகக்குள்ள தோணி தாழுது. எப்பிடிப் பாத்துப் போனாலும் தாழுது. முப்பது வருஷம் இந்தக் களப்பில ஓடுறன் தம்பி. போன்ல ஓட்டத் தெரியல்லையே எண்டு எனக்கு வெக்கமாப் போச்சு. மகன் கேட்டா, நல்லா இரிக்கு எண்டு பொய் சொல்லுறன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் வலை போடும் இடத்தில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாவிட்டால் பதில் வராது. பதில் வராவிட்டால் என் கணக்கில் அவர் கள்ளன்.

காசு கொடுக்காதவனைப் பிடிக்க நான் வைத்த பொறியில் காசு கொடுத்தவர் விழுந்திருந்தார். அதுவும் தன் கைதான் பிழை என்று நினைத்து, மாதக்கணக்கில் மனசுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டு. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ அன்றைக்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "நானா, பிழை உங்கட கையில இல்ல, கேம்ல" என்று அவரிடம் மட்டும் சொன்னாய். பிறகு தேநீர் எடுத்துவரப் போனாய்.

நான்தான் அதைச் செய்தவன் என்று ரஹீம் நானாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் போனை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, "அப்ப எனக்கு ஓட்டத் தெரியும் தானே?" என்று கேட்டார். "ஓம் நானா" என்றேன். அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர் போன பிறகு உன்னிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அத வுடு. இதத் திருத்து" என்றாய். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, திருத்த வந்து யாரும் திரும்ப எடுத்துப் போகாத பழைய போன்களையெல்லாம் மேசையில் பரப்பினாய். இரண்டு நாள் ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தோம். பொறியை எடுத்தேன். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் வைக்கலாம் என்று முடிவானது. நான் எழுதியது நீளமாக இருந்தது. களவு, உழைப்பு, நேர்மை என்று ஒரு குத்பாப் பிரசங்கம் போல. நீ வாசித்துவிட்டு, "புத்தி சொல்லாத. பேரச் சொல்லு" என்றாய். கடைசியில் மூன்று வரிதான் மிஞ்சியது: இதைச் செய்தவர்கள் இரண்டு பேர், எங்கள் பெயர்கள் இவை. யாராவது தந்திருந்தால் விளையாடுங்கள். பிடித்திருந்தால், வசதி வரும்போது வாங்குங்கள். அதன் கீழே 'நான் வாங்கிவிட்டேன்' என்று ஒரு பொத்தான்.

"அத எல்லாரும் பொய்யா அமத்துவாங்களே," என்றேன்.

"பொய் சொல்லி அமத்துறவன் அமத்தட்டும். உண்ம சொல்லுறவனக் கேள்வி கேக்காத."

கடைகளில் விற்கும் காகித அட்டையும் உன் யோசனைதான். பேங்க் கார்ட் இல்லாதவர்கள் கையில் காசு கொடுத்து அதை வாங்கிச் சுரண்டி, உள்ளே இருக்கும் இலக்கத்தைப் போட்டால் அசல் பிரதி கிடைக்கும். நிலூகா ஒவ்வோர் அட்டையிலும் ஒரு தோணி கீறினாள். சிலாபத்தில், நுரைச்சோலையில், கற்பிட்டியில் உன் தொழில்காரச் சிநேகிதர்களின் கடைகளில் வைத்தாய். தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குக் கடை போட்ட ஒருவன் மெழுகுவர்த்தியோடு சேர்த்து விற்றான் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். நாங்கள் பணக்காரர்களாகவில்லை. ஆனால் நிலூகா திரும்ப வேறு வேலை தேடவில்லை.

அதற்காக நீ திருந்திவிட்டாய் என்று நான் எழுதினால் நீயே சிரிப்பாய். என் விளையாட்டைக் கொடுப்பதை நிறுத்தினாய், அவ்வளவுதான். மற்றவர்களுடையது? அதற்கு நீயே ஒரு சட்டம் வைத்திருந்தாய். பெயர்ப்பட்டியல் ஓடவிட்டு எண்ணுவாய். "பத்துப் பேருக்குக் கீழ எண்டா தொடமாட்டன்."

"ஆயிரம் பேர் செஞ்சாலும் அதுக்குள்ளயும் ஒரு நிலூகா இருப்பாள் தானே?"

"இரிப்பாள். அவளுக்கு மாசம் முடியச் சம்பளம் வரும்."

"எல்லாரும் உன்னப் போல செஞ்சா எங்க இருந்து வரும்?"

"அப்ப கடையப் பூட்டுறன். நீ எனக்குச் சோறு போடு."

இந்த வாதத்தை நாம் எத்தனை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடத்தினோம்! நான் ஒரு நாளும் வெல்லவில்லை, நீயும் வெல்லவில்லை. உன் மனைவி சோற்றை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் திண்டுட்டுக் கதைங்க" என்பார். நான் இன்றைக்கும் உன் சட்டம் பிழை என்றுதான் சொல்வேன்.

ஒரு நாள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சு வருத்தம் என்று படுத்த நீ, எழும்பவில்லை. நான் வந்து சேரும்போது உன்னை எடுத்துப் போக ஆயத்தமாகியிருந்தார்கள். மையவாடியில் ரஹீம் நானா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கற்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அழுகையும் வந்தது, நன்றியும் வந்தது. உன்னோடு கோபமாக இருந்த ஐந்து மாதத்துக்குப் பிறகு அல்லாஹ் நமக்கு நிறைய வருடங்கள் தந்தான்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். போன மாதம் புதிய விளையாட்டுக்குப் பூட்டு வேண்டும் என்று புதிதாய்ச் சேர்ந்த ஒருத்தி வாதாடினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுக்கவில்லை. பூட்டை நீயே செய், செய்து முடித்ததும் சிக்னல் இல்லாத போனோடு ஒரு நாள் தோணியில் போய் விளையாடிவிட்டு வா என்றேன். போய் வந்தாள். பூட்டு வேண்டாம் என்று அவளே சொன்னாள். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான் என்று நினைக்கிறேன்: யாரைத் தடுக்கிறோம் என்பதற்கு முன்னால் யாருக்கு இடைஞ்சல் என்று பார்ப்பது.

கடந்த வாரம் ஊருக்கு வந்திருந்தேன். நுரைச்சோலைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் என் பக்கத்தில், அனல் மின் நிலையத்தில் வேலை முடிந்து வரும் ஒருவர் அமர்ந்திருந்தார். நெஞ்சில் அடையாள அட்டை, கையில் போன், போனில் எங்கள் தோணி. திரையின் மூலையில், களவாக இறக்கிக் கொடுக்கும் ஒரு தளத்தின் முத்திரை. மனுசன் ஒரு மணல்திட்டில் மூன்று தடவை மோதிவிட்டார். எனக்குக் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் வேறொன்றுதான் இருந்தது. ஒரு விளையாட்டை அருகிலிருந்து பார்க்கிறவனின் பொறுமையின்மை.

"இடப்பக்கம் எடுங்க," என்றேன். "தண்ணி கறுப்பா இரிக்கிற பக்கமாப் போங்க. அதுதான் ஆழம்."

எடுத்தார். தோணி தப்பியது. அவர் முகம் சின்னப் பிள்ளை மாதிரி மலர்ந்தது. "நீங்களும் விளையாடுறதா?"

"ஓம். கொஞ்ச நாள் விளையாடினன்."

"நல்ல கேம், என்ன? நம்மட ஆக்கள் செஞ்சதாம்."

"அப்படியா?" என்றேன்.

பாலாவிச் சந்தியில் இறங்கினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கரை சேர்ந்து, சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.