காப்பிக்கு முன்பு பார்க்க வேண்டியது

கணபதி பகுதியில் என் தம்பியின் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இரண்டு டம்ளர் காப்பி ஆறி, மேலே ஏடு படிந்திருக்கிறது. ஒன்று எனக்கு, மற்றது உள்ளே போயிருக்கும் வங்கி அதிகாரிக்கு. அந்தப் பெண் இன்னும் வெளியே வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இந்தக் காப்பியைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் வங்கியில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். பத்திரிகைச் செய்திக்காக நான் உங்களோடு காங்கேயம் வந்தேன். எண்ணெய் மில் முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“மொதல்ல காப்பி குடிங்க சார்.”

“கிடங்கப் பாத்துபோட்டுக் குடிக்கறனுங்க.”

“ஏனுங்க, காப்பில மயக்க மருந்தா போட்டிருக்கறோம்?”

“சக்கரை போட்டிருக்கீங்கல்லங்க, அது போதும்.”

அவர் சிரித்து முடிப்பதற்குள் நீங்கள் கிடங்குக்குள் போய்விட்டீர்கள். காட்டிய கணக்கில் பாதிக் கொப்பரைகூட அங்கே இல்லை. கேட்டதைவிடக் குறைவாகக் கடன் கொடுத்து, மாதம் தவறாமல் போய்ப் பார்த்தீர்கள். உங்களை ஊரெல்லாம் திட்டிய அந்த மனிதர் கடனை முழுதாக அடைத்தார். மில் இன்றும் ஓடுகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னீர்கள்: “தவண கட்டாத மாசத்துல கடன் கெடறதில்லீங்க. குடுத்த பணம் எங்க போச்சுன்னு நாம பாக்காத அன்னிக்கே கெட்டுப்போச்சுங்க.” அதை என் செய்தியில் போட்டேன். பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் இதே அதிகாரி வந்தபோது நானும் இங்கே இருந்தேன். லேத் இயந்திரம் வாங்கத் தம்பி பெற்ற கடன், விற்பவருக்குப் போவதுபோல் போய்த் திரும்பி வந்து அவன் வீட்டு மேல்மாடியாகியிருந்தது. அதிகாரிக்குக் காட்டப் பக்கத்துப் பட்டறை லேத்தை உருட்டிவந்து நிறுத்தியிருந்தான். எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. ஆனால் நீங்கள் பழக்கிய கண் இயந்திரத்தின் அடியைத்தான் முதலில் பார்த்தது. தரையோடு முடுக்கிய போல்ட் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணும் குனியப்போனார். தம்பியின் முகம் வெளுத்தது.

“மொதல்ல காப்பி குடிங்க அம்மணி” என்றேன்.

நிமிர்ந்தார். குடித்தார். “பத்திரிகைக்கார சாரே கூட இருக்கறப்ப அப்பறம் என்னங்க பாக்கறது?” என்று படம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சொந்த லேத் இல்லாததால் அதில் வரும் வருமானமும் இல்லை. தவணை மட்டும் வரும். அடமானத்தில் இருப்பது இந்தப் பட்டறை.

“அவங்கள மறுபடி வரச் சொல்லப்போறேன்” என்றேன் நேற்று.

“பட்டற போயிருமுங்கண்ணா.”

“இன்னிக்குச் சொன்னா தவணைய மாத்திக் கேக்கலாம். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. சொல்லாம உட்டா ஏலந்தான்.”

“மேமாடி கட்டறப்ப வந்து பாத்தீங்களே, பணம் ஏதுடான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அன்றும் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இன்று காலை அவர் வந்ததும் டம்ளரைத் தள்ளி வைத்தேன். “பாத்துபோட்டுக் குடிங்க அம்மணி. அடியில பாருங்க” என்றேன். உள்ளே அந்த இரவல் லேத் இன்னும் நிற்கிறது; அவர் அதைப் பார்க்கவில்லை. சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

தம்பி தணிந்த குரலில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பார்த்த பிறகே குடிக்கும் இந்த ஒரு வழக்கம்தான். இனி அந்தப் பெண் எந்த வாசலில் காப்பியை மறுத்தாலும், அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.