இந்த வருஷத்துக் காசு

பிப்ரவரி 9

நான்கு மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட். கதவு பாதியில் நின்றுவிடுகிறது என்று புகார். கதவைச் சரிசெய்துவிட்டு அடிக்குழியில் இறங்கிச் சுத்தம் செய்தேன். ஹேர்ப்பின், ஒற்றைக் கம்மல், பேனா மூடி, இடுக்கு வழியாக விழுந்த சில்லறை. கம்மலைக் காவலாளியிடம் ஒப்படைத்தேன். காசுகளையும் நீட்டினேன். "இதைக் கேட்டு எவன் வரப்போறான்? எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

வீட்டில் வாண்டு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மகள், ஒன்பது வயது. அண்ணிக்கு நாள் ஆவதற்கு வெகு முன்னாலேயே பிரசவமாகி, பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரியே கதி. இவள் என்னோடு. வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். எனக்கோ பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை. என்ன பேசுவது? பேசாமல் காசுகளை மேஜையில் கொட்டினேன்.

ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத்தை, இது என்னைவிடப் பெரியவ."

காசில் போட்டிருந்த வருடத்தைச் சொல்கிறாள்!

பிப்ரவரி 11

வருடத்துக்கு ஒரு காசு. அவளே வைத்த சட்டம். கைக்கு வருகிற சில்லறையில்தான் தேட வேண்டும், விலைக்கு வாங்கக் கூடாது. "காசு குடுத்துக் காசு வாங்குறது லூசுத்தனம்." சரிதானே?

முட்டை வாங்கி வந்த அட்டைதான் பெட்டி. குழிக்கு ஒரு வருடம். அவள் பிறந்த வருடம், அண்ணி பிறந்தது, அண்ணன் பிறந்தது எல்லாம் நிரம்பிவிட்டன. என் வருடத்தைக் கேட்டாள், சொன்னேன். "அவ்ளோ பழசா?" என்றாள். கொழுப்பு.

கடைசிக் குழி காலி. இந்த வருடம். தம்பி குழியாம் அது.

பிப்ரவரி 14

என் கருவிப் பெட்டியிலிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டாள். ஒரே மதிப்பு, ஒரே அளவு. ஒரு காசு ஒட்டுகிறது, இன்னொன்று ஒட்டவில்லை. "ஏன் அத்தை?" கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரைக் கழற்றி மாட்டுவேன், இதற்குப் பதில் தெரியவில்லை. நாள் முழுக்க அதே யோசனை. எந்த வருடத்திலிருந்து ஒட்ட ஆரம்பிக்கிறது?

பிப்ரவரி 16

தேவையா எனக்கு? அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், ஆச்சரியப்படுத்தலாம் என்று, கறுத்துப்போன காசுகளை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். வந்து பார்த்தவள் கத்தினாள். "யாரு உன்னைத் தேய்க்கச் சொன்னா? அது எவ்ளோ பேரு கை பட்டு அப்படி ஆச்சு! போச்சு, எல்லாம் போச்சு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் — இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு குரல் இருக்கிறதே! அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷம்.

பிப்ரவரி 21

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய காசுக் கடை. கடைக்காரர் நான் தேய்த்ததைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இனிமே தேய்க்காதீங்க. தொடுறதா இருந்தா ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க, போதும்." காந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்தது. செலவைக் குறைக்க இடையில் ஒரு வருடத்திலிருந்து உலோகத்தை மாற்றியிருக்கிறார்கள். வாண்டுவிடம் இரட்டையாக இருந்த சிலதை வாங்கிக்கொண்டு, இல்லாத வருடங்களைக் கொடுத்தார். வாங்கல் இல்லை, மாற்றல். சட்டம் பிழைத்தது.

பிறகு இந்த வருடத்துக் காசைக் கேட்டாள். "அது இன்னும் வெளியவே வரல பாப்பா. நம்ம கைக்கு வர மாசக்கணக்காகும்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அந்தக் காசு கெடைச்சா தம்பி வீட்டுக்கு வந்துருவான்னு நெனச்சு வச்சிருந்தேன்."

இவள் மனசுக்குள் இப்படி ஒன்று ஓடுவது எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு?

பிப்ரவரி 24

வேலை உடுப்போடு வங்கிக்குப் போனேன். காசாளர் அம்மா புது உறைகளைப் பிரித்துக் காட்டினார். எல்லாம் போன வருடத்தது. "ஒத்தைக் காசுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 25

பிள்ளைக்குக் கிருமி தொற்றிவிட்டது. அண்ணன் போனில் சொல்லும்போதே அழுதான்.

பிப்ரவரி 26

மறைக்கக் கூடாது என்று பட்டது. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றேன். வங்கியிலும் அந்தக் காசு இல்லை என்றேன். காசு கிடைப்பதும் கிடைக்காததும் அவனை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னேன்.

காலிக் குழியில் விரலை வைத்தாள்.

"அப்போ காசுக்கு முன்னாடியே இவன் வந்துட்டானா?"

"ஆமா."

"அவசரக்குடுக்கை."

சிரித்துவிட்டேன். அவளும்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தம்பியும் காசும், ரெண்டு பேரும் மெதுவா ரெடியாகட்டும்" என்றாள்.

மார்ச் 4

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அண்ணன் குரலில் உயிர் வந்திருக்கிறது.

மார்ச் 19

வருடத்துக்குக் கீழே சில காசுகளில் ஒரு புள்ளி, சிலதில் வேறொரு குறி. நான் இத்தனை காலமாகக் காசைச் செலவழித்ததோடு சரி, பார்த்ததே இல்லை போலிருக்கிறது! எந்த ஆலையில் அடித்தது என்பதற்கான அடையாளமாம். அவளாகவே கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்போது வருடத்துக்கு ஒரு குழி போதாதாம். இன்னொரு அட்டை வேண்டுமாம். முட்டை தின்றே தீர வேண்டும் நான்.

ஏப்ரல் 12

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாண்டுவை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் ஒரே பேச்சு. கேட்காமல் இருக்க முடியவில்லை: "அந்தக் காசு கடைசி வரைக்கும் கெடைக்கலையே?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "காசுக்கும் தம்பிக்கும் என்ன அத்தை சம்பந்தம்?"

அடிப்பாவி. வங்கி வரைக்கும் அலைந்தவள் நான்.

ஏப்ரல் 16

வீடு அடங்கிக் கிடக்கிறது. இன்று ஒரு லிஃப்ட்டின் அடிக்குழியில் தெரியாத எழுத்துள்ள காசு ஒன்று கிடைத்தது. எது மேல், எது கீழ் என்றே புரியவில்லை. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"அத்தை, படம் எடுத்து அனுப்பு. இன்னிக்கு என் காசை அடுக்கவே முடியல. தம்பி விரலைப் பிடிச்சான், விடவே மாட்டேங்குறான். ஒத்தைக் கையாலதான் எல்லாம் பண்ணிட்டிருக்கேன்."

"மெதுவா விரலை உருவிக்கோயேன்."

"ஐயோ, வேணாம். இருக்கட்டும்."