மூத்தார் வீட்டு உத்தரத்தில் தூளிகள்

1944 ஏப்ரல் 30, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மூத்தார் ஓஸ்வால்ட் எல்லார் முன்னாலும், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில், "ஜூன் கடைசிக்குள்ள காலி பண்ணிடு அல்போன்சா. மிலிட்டரி டாக்டர் துரை ஒருத்தர் வீட்டைக் கேக்கறார்" என்றார். அவர் தம்பி, என் வீட்டுக்காரர் ஹெர்பர்ட், பக்கத்திலேயே நின்றார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொப்பியில் என்ன இருக்கிறது?

மாமனார் கட்டிய வீடு. உயில் மூத்த மகன் ஓஸ்வால்ட் பேருக்கு. பாதியில் அவர், பாதியில் நாங்கள். சரி, போகிறோம். எங்கே போவது? அல்சூர் ஏரிக்குப் பின்னால் நாங்கள் கட்டும் வீட்டுக்குச் சுவர் நிற்கிறது, உத்தரம் ஏறிவிட்டது, மேலே வானம். கொத்தனார் கிடைத்தால்தானே மூடுவது! ஊரிலுள்ள கொத்தனாரையெல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு யெலஹங்கா பக்கம் மிலிட்டரி கேம்ப் கட்டப் போவது யார்? இதே ஓஸ்வால்ட்தான். அங்கே ஆள் சேர்க்கும் சூப்பர்வைசர். ஆளையும் அவரே கொண்டுபோவாராம், கெடுவையும் அவரே வைப்பாராம்.

மே 9

மேஸ்திரி ஞானசேகரன் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு கொத்தனார் போயாச்சு.

"நான் என்னம்மா பண்றது? கேம்ப்ல ரேஷன் அரிசி குடுக்கறாங்க. நேத்து கரணை பிடிச்சவனைக்கூட கொத்தனார்னு ஏத்திக்கறாங்க. இங்க பேஜார்தான் மிச்சம்."

"நீங்க ஏன் போகலை?"

"எனக்கு முதுகு வலிம்மா. லாரி குலுக்குது."

என் வீடு மேஸ்திரியின் முதுகு வலியை நம்பி நிற்கிறது.

மே 21, ஞாயிறு

ஓஸ்வால்டிடம் நானே கேட்டேன். ரெண்டே ரெண்டு கொத்தனாரை ஒரு மாசத்துக்கு விடுங்கள் என்று. சிரித்தார். "யுத்தம் நடக்குது அல்போன்சா. உன் வீட்டுக்கு மச்சு இல்லேன்னு ஜப்பான்காரன் நிப்பானா?" என்றார். ஜப்பான்காரனை இவரே தனியாக நின்று தடுப்பதுபோல ஒரு நிற்பு வேறு. வீட்டுக்கு வந்து ஹெர்பர்ட்டைத் திட்டித் தீர்த்தேன். அண்ணன்காரனைத் திட்ட முடியாதபோது தம்பி எதற்கு இருக்கிறார்?

ஜூன் 5

ஞானசேகரனும் ஒற்றைக் கொத்தனாரும் எப்படியோ உத்தரத்துக்கு மேலே செங்கல் பாவி முடித்துவிட்டார்கள். நாளைக்குச் சுண்ணாம்புத் தளம். மேகம் கட்டியிருக்கிறது. அந்தோனியாரே, ஒரு வாரம் பிடித்து வையுங்கள்.

ஜூன் 6, செவ்வாய்

தளம் அடிக்கப் பெண்கள் வந்தார்கள். ருக்மிணி என்பவள்தான் அவர்களுக்குத் தலைவி. கறுத்து, நெட்டையாக, யாருக்கும் மடங்காத வாய். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டிப் பரப்ப, வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போனார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஒருத்தி தெளிக்கிறாள். நடுவில் நிறுத்தக் கூடாதாம், தளம் இறுகி, அடித்த கட்டை துள்ளித் திரும்புகிறவரை விடாமல் அடிக்க வேண்டுமாம். பாட்டு வேறு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கீழே இறங்கி முன் தாழ்வாரத்தைப் பார்த்தால் — மாதாவே! புது உத்தரம் முழுக்கப் புடவைத் தூளி. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. ஒன்றிலிருந்து சொட்டுகிறது. பதின்மூன்றாம் தேதி அந்தோனியார் திருநாள், செவ்வாய்க்கிழமையும்கூட. அன்றைக்குச் சாமியார் வந்து மந்திரிக்கப் போகிற உத்தரம்! அவர் தீர்த்தம் தெளிக்குமுன் இதுகள் தெளிப்பதா? எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். புளியமரத்தில் கட்டிக்கொண்டார்கள். மத்தியானம் தூறல். ருக்மிணி தன் பிள்ளையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "சரிம்மா. உங்க உத்தரம் பத்திரமா இருக்கட்டும்" என்றாள்.

என்ன கொழுப்பு!

ஜூன் 7

ஒருத்தியும் வரவில்லை.

நேற்றுக் கொட்டி அடித்து முடிக்காத தெற்கு மூலை அப்படியே இறுகிக் கிடக்கிறது. கொத்தி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டுமாம். ஞானசேகரன் தலையைச் சொறிந்தார்.

"லாரி ஏறிட்டாங்கம்மா."

"லாரியில மட்டும் பிள்ளைய ஏத்திக்கறாங்களா?"

"இல்லம்மா. அங்கயும் கூடாதுதான். 'ரெண்டு எடத்துலயும் பிள்ளைக்கு எடமில்ல, அங்க அரிசியாவது இருக்கு'ன்னு ருக்மிணி சொல்லிட்டா."

ஆக, நான் காரணமாம். அப்படி அவர் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பார்த்தார். கொத்தனாரைக் கொண்டுபோனது நானா? லாரி விட்டது நானா? யுத்தத்தை நானா ஆரம்பித்தேன்? இந்த மாசக் கடைசியில் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்கப் போகிறோம். ஓரகத்தி மௌரீன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பாள். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

ஜூன் 8

விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். லாரி நிற்கிறது. ஓஸ்வால்ட் கையில் பிரம்போடு நிற்கிறார், யாரையும் அடிக்க மாட்டார், சும்மா ஜம்பம். டிரைவர் "பச்சே நக்கோ! பச்சே நக்கோ!" என்று கத்துகிறான், பிள்ளைகள் கூடாதாம். பெண்கள் இடுப்புப் பிள்ளையை இறக்கி, கூட வந்த சின்னப் பெண்களிடம் கொடுத்துவிட்டு ஏறுகிறார்கள். அந்தச் சின்னப் பெண்களே மூக்கு ஒழுக நிற்கிறவர்கள். ருக்மிணி ஒரு காலை லாரியில் வைத்திருந்தாள். அவள் பிள்ளைக்கு இருமல்.

நேராகப் போய், "பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன். லாரிக்காரன் குடுக்கற கூலி, மத்தியானம் என் வீட்டுச் சோறு. இறங்கு" என்றேன்.

"எங்க கட்டறது? உங்க உத்தரத்துலயா?"

"இல்ல. வேற உத்தரம் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓஸ்வால்டைப் பார்த்தாள். நாங்கள் அவர் வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும், அவளுக்குப் புரிந்துவிட்டது. இறங்கினாள். கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் பின்னாலேயே இறங்கினார்கள். ஓஸ்வால்ட் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அல்போன்சா, இது மிலிட்டரி வேலை!" என்றார்.

"என் வீட்டு வேலையும் யுத்தம்தான்" என்றேன்.

ஜூன் 9

மாமனார் கட்டிய முன்கூடம். தேக்கு உத்தரம், ஓட்டுக்கு அடியில் வாட்டசாட்டமாகப் போகிறது. ஜூன் முடிகிறவரை அதில் பாதி என் பாதி. என் பாதியில் இடம் போதவில்லை, நாலு தூளி அவர் பாதிக்கும் போனது. மௌரீன் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய்மார்கள் பால் கொடுக்க அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்து ஓடிப் போகிறார்கள். அழுகை, மூத்திரம், பால் வாடை. எனக்கு மண்டை பிளக்கிறது. என் பிள்ளைகள் மூன்றையும் வளர்த்ததில்கூட இத்தனை சத்தம் இல்லை. ருக்மிணியின் பிள்ளைக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தேன். கடன்காரப் பயல், என் மேல் கக்கினான்.

ஜூன் 10, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் ஓஸ்வால்ட் அந்த டாக்டர் துரையை வீடு காட்டக் கூட்டி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல்! பாலிஷ் போட்ட பூட்ஸ். வாசலில் கால் வைத்ததும் துரையின் மூக்குக்கு நேரே ஒரு தூளி. அதிலிருந்து ஒரு கால் வெளியே வந்து ஆடியது. எங்கேயோ ஒன்று வீரிட, எல்லாம் சேர்ந்துகொண்டன. துரை ஏதோ இங்கிலீஷில் சொன்னார், தொப்பியைத் தொட்டார், ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டார்.

ஓஸ்வால்ட் குதித்தார். "இது என்ன வீடா, சத்திரமா? அப்பா கட்டின வீட்டுல கூலிக்காரிங்க பிள்ளைய—"

அப்போதுதான் பார்த்தேன். ஹெர்பர்ட் மூலையில் பாய் மேல் உட்கார்ந்து, ஒரு காலில் ஒரு கயிறு, இரண்டு கையிலும் இரண்டு கயிறு என்று மூன்று தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அண்ணா, மெதுவா பேசுங்க. இப்பதான் தூங்குது."

இருபத்திரண்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

கட்டை துள்ளியது. தளம் முடிந்தது. சாமியார் வந்து மந்திரித்தார். பெண்களுக்குப் பிரியாணி, ஆளுக்கொரு ரவிக்கைத் துணி. ருக்மிணி துணியைத் தடவிப் பார்த்து, "கலர் நல்லால்ல" என்றாள். வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 26

வந்துவிட்டோம். நல்ல மழை. தெற்கு மூலையில் மட்டும் லேசாகக் கசிகிறது, ஒட்டுப் போட்ட இடம். அடியில் கிண்ணம் வைத்திருக்கிறேன். அது யாரால் என்று ஞானசேகரன் சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஜூலை 3, திங்கள்

என் வேலை முடிந்ததும் எல்லாரும் மறுபடி கேம்ப் லாரிக்கே போய்விட்டார்கள். போகட்டும், அரிசி அங்கேதான் இருக்கிறது. ஆனால் காலையில் வாசலில் பேச்சுச் சத்தம். கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் பிள்ளையோடு நிற்கிறார்கள். முன்னால் ருக்மிணி. "மந்திரிச்சாச்சில்ல, இனிமே உங்க உத்தரத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்று கையில் கயிற்றோடு ஜன்னல் வழியாகச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்!

நான் கதவைத் திறக்காமல் காபியைக் கையில் எடுத்தேன். தெரு முனையில் லாரி ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தியும் நகரவில்லை. கடைசியில் பிரம்பில்லாமல், வியர்த்துப்போய், ஓஸ்வால்டே வந்தார்.

"அல்போன்சா, கதவைத் தொற. பிள்ளைங்கள விட்டாத்தான் ஏறுவோம்ங்கறாளுங்க. கேம்ப்ல பெரிய துரை என்னைக் கொன்னுடுவான்."

"அன்னிக்குக் கோயில் வாசல்ல நாலு பேர் திரும்பிப் பாக்கற மாதிரி பேசினீங்களே, அந்தக் குரல் எங்க? காதுல விழலை."

எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள். தண்ணீர் வண்டிக்காரன் நின்றான். ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவே கேட்க, "கொஞ்சம் கதவைத் தொறம்மா" என்றார்.

காபி பாதிதான் குடித்திருந்தேன். மீதியையும் குடித்துவிட்டுப் போய்த் திறந்தேன்.