நாலு நிமிடம்

இன்று காலை குடோன் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். சாக்பீஸும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. உன் சட்டையில் அடித்த வாடை அது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. ஒன்பதாவதோடு வீட்டு வறுமை உன்னை நிறுத்தியது. ராஜபாளையம் மில் குடோனில் மறுபடி பார்த்தபோது நான் கிளார்க், நீ லோடுமேன். “ஏலே, கணக்குப் பரீட்சையில என்னயப் பாத்துல்லா எழுதுவ! இப்ப நீ எழுதுத, நான் சொமக்கேன்” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வெட்கமில்லாதவன்.

பலகை வைத்தது என் யோசனை. வாசலில் லாரிகள் காத்துக் கிடந்தன. ஒவ்வொன்றையும் இறக்க எத்தனை நிமிடம் என்று எழுதிப் போட்டால் வேலை சீராகும் என்று மேனேஜரிடம் நான்தான் சொன்னேன். தார்ப்பாய் அவிழ்த்தால் நேரம் தொடங்கும். லாரி கேட்டைத் தாண்டினால் முடியும். பஞ்சுப் பொதியை, அதாவது பேலை, எப்படி அடுக்கினோம் என்பதற்குப் பலகையில் கட்டமே இல்லை.

ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்று அடுக்குவது உங்கள் வழக்கம். பேல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதற்கு நேரமாகும். நான் எழுதிய எண் குறையக் குறைய, குறுக்கு வரிசை காணாமல் போனது. எல்லாம் ஒரே வாக்கில், கூரை முட்ட. மேனேஜர் பலகையைப் பார்த்தார். அடுக்கைப் பார்க்கவில்லை.

“நிமிசத்துக்குக் கட்டம் போட்டுருக்க. எங்க இடுப்புக்குக் கட்டம் எங்கல?” என்று கேட்டாய்.

அந்த மத்தியானம் அடுக்கு லேசாகச் சாய்ந்திருந்தது. இருவருமே பார்த்தோம்.

“நிப்பாட்டுல. பிரிச்சு மாத்தி அடுக்கிருவோம்” என்றாய்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பலகையில் அதுவரை யாரும் தொடாத குறைந்த எண்ணுக்கு நாலு நிமிடம் மிச்சம். “மூணு பேல்தான மாப்ள, முடிச்சிரு.”

“எழுதுதவன் சொன்னாச் சரிதான்” என்று பேல் தூக்கும் கொக்கியை எடுத்தாய்.

இரண்டாவது பேலில் அடுக்கு உன்மேல் சரிந்தது.

உன்னை ஏற்றிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வேன் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டவில்லை. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதச் சொன்னார் மேனேஜர். ‘அவன் நிப்பாட்டச் சொன்னான், நான் நிப்பாட்டவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டார். மறுபடியும் அதையே எழுதினேன். உன் ஆட்கள் கொக்கியைத் தொட மறுத்து வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் லாரிகள் வரிசையில் நின்ற பிறகுதான் பலகை மாறியது. செத்தவனுக்காக அல்ல, நின்ற லாரிக்காக.

இப்போது சரிந்த பேலுக்குக் கட்டம் உண்டு. அடிபட்டவர்களுக்குக் கட்டம் உண்டு. யார் நிப்பாட்டச் சொன்னாலும் கடிகாரம் நிற்கும். முதலில் லாரிகள் தாமதமாகத்தான் போயின. பிறகு, சரிந்ததைத் திரும்பத் தூக்கும் வேலை ஒழிந்ததால், முன்னைவிடச் சீக்கிரம் போகின்றன. வருகிறவர்களிடம் அதை “என் பலகை” என்று காட்டுகிறார் மேனேஜர். என்னால் பல்லைக் கடிக்கத்தான் முடிகிறது.

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புதிதாகச் சேர்ந்த லோடுமேன் தயங்கியபடியே சொன்னான்: “சார், செத்த நிப்பாட்டுதீகளா? அடுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

எனக்கு நேராகத்தான் தெரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அதே கடிகாரம்தான் இன்னும் என் கையில். நிறுத்தினேன்.

பிரித்து மாற்றி அடுக்க அவர்களுக்கு ஆனது நாலு நிமிடம், மாப்ள.